ஃபியட்டும் மாருதியும்: எங்கள் வீட்டு வண்டிகளைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காட்பாடி காந்தி நகரில் எங்கள் வீட்டு வாசலில் இரண்டு பழைய கார்கள் நிற்கின்றன. அதிகாலை நடைக்குப் போகிறவர்கள், பென்ஷன் அலுவலகத்தில் பார்க்கும் பழைய சிநேகிதிகள், சிக்னலில் பைக்கை நிறுத்திவிட்டு எட்டிப் பார்க்கும் பிள்ளைகள் எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். வாசலில் நின்று பாதி பதில் சொல்லி அனுப்புவது எனக்கு மனக்குறையாகவே இருந்தது. அதனால் முழுசாக எழுதுகிறேன். நான் கணக்கு டீச்சராக இருந்து தலைமை ஆசிரியையாக 2014-ல் ஓய்வு பெற்றவள். என் வீட்டுக்காரர் ராணிப்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்தவர்.

என்ன வண்டிகள் அவை? எப்போது வாங்கினீர்கள்?

ஒன்று 1984-ஆம் வருடத்துப் பிரீமியர் பத்மினி. எங்கள் பக்கத்தில் யாரும் பத்மினி என்று சொல்வதில்லை, ஃபியட் என்றுதான் சொல்வார்கள். அது சரிதான். இத்தாலியின் ஃபியட் 1100 வண்டியைத்தான் பிரீமியர் கம்பெனி பம்பாய் குர்லாவில் செய்தது. 1974-ல்தான் அதற்குப் பத்மினி என்று பெயர் வந்தது. 1089 சிசி, நாலு சிலிண்டர், ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே கியர், ஹேண்ட் கியர் என்பார்கள்.

இதை 1993-ல் ஒரு வயதான டாக்டரிடம் வாங்கினோம். கண் பார்வை குறைந்து ஓட்டுவதை நிறுத்தியிருந்தார். விலை பேசி முடித்த பிறகு, "ஒரு கண்டிஷன். ஞாயித்துக்கிழமை ஒரு தடவை என் வீட்டு வழியா ஓட்டிட்டுப் போங்க, சத்தம் கேட்கணும்" என்றார். அவர் காலமாகும் வரை ஆறு வருடம், ஊரில் இருந்த எந்த ஞாயிறும் நாங்கள் தவறவிட்டதில்லை. வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். வண்டி தெரியாது, சத்தம் வந்ததும் கையைத் தூக்குவார். டைமிங் (இன்ஜினில் தீப்பொறி விழும் நேரம்) தள்ளியிருந்தால் மறு வாரம் சொல்லியும் விடுவார்.

இன்னொன்று 1999-ல் என் பி.எஃப். பணத்தில் கடன் எடுத்துப் புதிதாக வாங்கிய வெள்ளை மாருதி 800. 796 சிசி, மூன்று சிலிண்டர். இது என் வண்டி. மாருதி 800 தயாரிப்பு 2014 ஜனவரியில் நின்றது. அந்த வருடம் மே மாதக் கடைசியில் நான் ஓய்வு பெற்றேன். அம்பாசிடரும் அதே மே மாதம்தான் நின்றது. அந்த வருடம் எங்கள் வீட்டில் இதையெல்லாம் சேர்த்துச் சேர்த்துப் பேசிக்கொண்டிருந்தோம்.

இரண்டு பேருக்கு எதற்கு இரண்டு கார்?

இரண்டுக்கும் வேலை வேறு. காய்கறி, மருந்து, பேங்க், பாலாற்றுப் பாலம் தாண்டி வேலூர் நெரிசலுக்குள் போவது எல்லாம் மாருதி. எடை குறைவு, எந்தச் சந்திலும் திரும்பும். வெள்ளிக்கிழமை கோயில், ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம், கல்யாணம் காட்சி என்றால் ஃபியட். பின் சீட்டில் மூன்று பெரியவர்கள் பட்டுப்புடவை கசங்காமல் உட்காரலாம்.

இன்னொரு காரணமும் உண்டு. ஒரே வண்டி என்றால் ஓட்டுவது ஒருத்தர், பக்கத்தில் உட்காருவது ஒருத்தர் என்று ஆகிவிடும். எங்கள் வயதில் பல வீடுகளில் பெண்கள் ஓட்டுவதை விட்டுவிட்டார்கள். என் சாவி என் கைப்பையில் இருக்கிறது.

உங்கள் ஒரு நாள் எப்படிப் போகும்?

நான் ஐந்து மணிக்கு எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போடுவேன். அதற்குள் என் வீட்டுக்காரர் டார்ச்சோடு வந்து வண்டிக்கு அடியில் குனிந்து பார்ப்பார். ராத்திரி நிறுத்தும்போதே இன்ஜினுக்கு நேர் கீழே பழைய அட்டை ஒன்றைப் போட்டு வைப்பார். காலையில் அந்த அட்டையைப் படிப்பதுதான் முதல் வேலை. கறுப்பாகச் சொட்டியிருந்தால் இன்ஜின் ஆயில். பச்சையாக இருந்தால் ரேடியேட்டர் கூலன்ட். சக்கரத்துக்குப் பக்கத்தில் நிறமில்லாமல் வழவழவென்று இருந்தால் பிரேக் ஆயில், அன்றைக்கு வண்டி நகராது. இந்தப் பழக்கம் இரண்டு முறை எங்களைக் காப்பாற்றியிருக்கிறது.

அப்புறம் காபி. அதன் பிறகு தண்ணீர், ஆயில் பார்ப்பது. ரேடியேட்டர் மூடியை இன்ஜின் ஆறியிருக்கும்போது மட்டும்தான் திறக்க வேண்டும். ஓட்டி வந்த சூட்டில் திறந்தால் கொதிக்கும் தண்ணீர் முகத்தில் அடிக்கும். ஈரத்துணியால் ஃபியட்டைத் துடைப்பது அவர், மாருதியை நான். தினமும் பக்கெட் பக்கெட்டாக ஊற்றிக் கழுவுவதில்லை. வேலூரில் தண்ணீரின் அருமை தெரியாதவர் யார்? பாலாறு மணலாகக் கிடக்கும் ஆறு. 2021 நவம்பரில் இருகரை தொட்டு வெள்ளம் போனபோது, போக்குவரத்து அடங்கிய ஒரு நாள் ஃபியட்டை எடுத்துக்கொண்டு போய்த் தண்ணீரைப் பார்த்துவிட்டு வந்தோம்.

ஏழு மணிக்கு உழவர் சந்தை. இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய் வந்திருந்தால் வாங்காமல் வர மாட்டேன். புவிசார் குறியீடு 2023-ல்தான் கிடைத்தது என்றாலும் எண்ணெய்க் கத்திரிக்காய்க்கு அதுதான் என்பது எங்கள் ஊருக்கு எப்போதோ தெரியும். ஒன்பதரைக்குள் வீடு திரும்பிவிடுவோம். பிறகு சமையல், பேப்பர், தெருப் பிள்ளைகள் இரண்டு பேருக்குக் கணக்கு. மாலையில் கோட்டை மதில் ஓரமாக நடை. அகழியில் தண்ணீர் இருக்கும் நாட்களில் அங்கே வரும் காற்று தனி.

தினமும் ஓட்டியே ஆக வேண்டுமா? நிறுத்தி வைத்தால் என்ன?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. பழைய வண்டியை ஓடிக் கெட்டது என்று நான் அதிகம் பார்த்ததில்லை, நின்று கெட்டது என்றுதான் பார்த்திருக்கிறேன். மகன் அமெரிக்காவில், வண்டி போர்வைக்குள். எங்கள் தெருவிலேயே இப்படி நாலு வீடு உண்டு.

நின்றால் பேட்டரி தானாக இறங்கும். டயர் ஒரே இடத்தில் அழுந்தித் தட்டையாகும். ஹேண்ட் பிரேக் இழுத்தபடியே நின்றால் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரில் பெட்ரோல் காய்ந்து பிசினாகி, ஜெட் எனும் சின்னத் துளையை அடைக்கும். சீல்கள் வறண்டு, திரும்ப எடுக்கும் நாளில் எல்லா இடத்திலும் ஒழுகும்.

வாசலில் நிறுத்தியபடி ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பதும் போதாது. ஸ்டார்ட்டருக்குச் செலவான கரண்ட்கூடத் திரும்ப ஏறாது, ஆயிலில் சேர்ந்த ஈரமும் போகாது. வாரத்துக்கு ஒரு முறையாவது இன்ஜின் நன்றாகச் சூடாகும்படி அரை மணி நேரம் ரோட்டில் ஓட வேண்டும். எங்கள் ஞாயிறு ஓட்டம் பெரும்பாலும் விரிஞ்சிபுரம். மார்க்கபந்தீஸ்வரர் கோயிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவோம். வழித்துணைநாதர் என்று பெயர் கொண்ட சாமி, வண்டிக்காரர்களுக்குப் பொருத்தம். சில வாரம் இரத்தினகிரி, சில வாரம் அமிர்தி.

2020 ஊரடங்கில் வெளியே எடுக்க முடியாதபோது, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி வைத்தோம், ஹேண்ட் பிரேக்குக்குப் பதில் சக்கரத்துக்குக் கல் வைத்தோம், நாலு நாளைக்கு ஒரு முறை வண்டியை அரைச் சக்கரம் தள்ளி நிறுத்தினோம். அவர் தள்ள, நான் ஸ்டியரிங் பிடிப்பேன்.

ஹேண்ட் கியர் ஓட்டுவது கஷ்டமா?

கஷ்டமில்லை, பழக்கம்தான். நான் 43 வயதில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து மாருதி ஓட்டக் கற்றேன். ஃபியட்டைத் தொட்டது ஓய்வு பெற்ற பிறகுதான். பின்தெருக் காலி மனையில் அவர்தான் சொல்லிக் கொடுத்தார். முதல் இரண்டு நாள் குரல் உயர்ந்தது. "முப்பது வருஷம் பாடம் எடுத்தவ சொல்றேங்க, கத்தினா பிள்ளைக்குப் பாடம் ஏறாது" என்றேன். மூன்றாம் நாளிலிருந்து பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்தார். அன்றைக்கே கியர் விழ ஆரம்பித்தது.

இடது கையை ஸ்டியரிங்கிலிருந்து அதிகம் எடுக்க வேண்டாம் என்பதுதான் இதன் சுகம். லிவரை அழுத்திப் பிடிக்காமல் விரலால் தள்ள வேண்டும். லிவரையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் ராடுகளின் புஷ் தேய்ந்திருந்தால் கியர் நடுவில் மாட்டிக்கொள்ளும். அப்போது இழுத்து உடைக்காமல், இன்ஜினை அணைத்துவிட்டு பானட்டைத் திறந்து ராடைக் கையால் நேராக்கினால் விட்டுவிடும். அண்ணா சாலையில் ஒரு முறை நானே இறங்கி இதைச் செய்தேன். பின்னால் நின்ற ஆட்டோக்காரர் ஹாரன் அடிக்காமல் காத்திருந்து, "சூப்பர்ம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வேலூர் வெயிலில் ஏசி இல்லாத வண்டியா?

மாருதியில் ஏசி உண்டு. ஃபியட்டில் கிடையாது. ஆனால் முன் கதவில் முக்கோணக் கண்ணாடி ஒன்று இருக்கிறதே, அதைத் திருப்பி வைத்தால் ஓடும்போது காற்று நேரே மார்பில் அடிக்கும்.

எங்கள் ஊரில் ஏப்ரலிலேயே வெயில் சதம் அடித்துவிடும். கத்திரியில் எங்களைவிட ஃபியட்டுக்குத்தான் கஷ்டம். அதன் பெட்ரோல் பம்ப் இன்ஜினோடு ஒட்டியே இருக்கிறது. சூட்டில் பம்புக்குள்ளும் பைப்புக்குள்ளும் பெட்ரோல் ஆவியாகிவிட்டால் பம்பால் இழுக்க முடியாது, வண்டி இருமி இருமி நின்றுவிடும். ஒரு மே மாதம் ஆம்பூர்க் கல்யாணத்திலிருந்து திரும்பும்போது, பள்ளிகொண்டா டோல் வரிசையில் நின்று நின்று நகர்ந்ததில் அப்படித்தான் நின்றது. பேட்டரி கெட்டது என்று நினைத்து விடாமல் கிராங் செய்தால் நிஜமாகவே பேட்டரி போய்விடும். ஓரம் கட்டி, பானட்டைத் திறந்து, ஈரத்துணியைப் பம்ப் மேல் சுற்றிக் கால் மணி நேரம் காத்திருந்தோம். சீர்வரிசைத் தட்டிலிருந்து கிடைத்த வாழைப்பழத்தைச் சாப்பிட்டு முடிப்பதற்குள் ஸ்டார்ட் ஆனது. அதிலிருந்து மே மாதத்தில் பத்து மணிக்கு மேல் ஃபியட் வெளியே போகாது. முன் சீட்டுக்கு அடியில் ஒரு துண்டும் தண்ணீர் பாட்டிலும் எப்போதும் இருக்கும்.

15 வருடம் ஆனால் வண்டியை உடைத்துவிட வேண்டும் என்கிறார்களே?

தமிழ்நாட்டில் அப்படி இல்லை. பெட்ரோலுக்கு 15, டீசலுக்கு 10 என்ற பேச்சு டெல்லிப் பகுதியைப் பற்றியது. 2023 ஏப்ரல் முதல் 15 வருடம் தாண்டிய அரசு வண்டிகளைக் கழிப்பதும் தனி விஷயம். சொந்தக் காருக்கு முதல் பதிவு 15 வருடம். பிறகு ஆர்.டி.ஓ. ஆய்வில் தேறினால் ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்கலாம். படிவம் 25. காலாவதியாவதற்கு 60 நாள் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம்.

எங்கள் இரண்டு வண்டிக்கும் 2024-ல்தான் புதுப்பிப்பு வந்தது. கட்டணம் வண்டிக்கு 5,000 ரூபாய், பசுமை வரி தனி. 2025 ஆகஸ்டில் 20 வருடம் தாண்டிய கார்களுக்கு அதை 10,000 ஆக்கிவிட்டார்கள். 2029-க்காக மாதா மாதம் ஒரு தொகை எடுத்து வைக்கிறோம். பென்ஷன்காரர்களுக்கு இது பெரிய பணம்தான். பராமரித்த பழைய வண்டிக்கும் பாழான பழைய வண்டிக்கும் ஒரே கட்டணம் என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஆய்வுக்குப் போகும் முன் லைட், இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர், பிரேக், டயர், இன்ஷூரன்ஸ், புகைச் சான்றிதழ் எல்லாம் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இன்ஜின் நம்பரும் சேசிஸ் நம்பரும் துரு நீக்கிப் படிக்கிற மாதிரி இருக்க வேண்டும். பலர் கோட்டை விடுவது அங்கேதான்.

முதல் பதிவிலிருந்து 50 வருடம் ஆன, பெரிதாக மாற்றம் செய்யாத வண்டியை 'விண்டேஜ்' என்று தனியாகப் பதியலாம் என 2021-ல் விதி வந்தது. ஃபியட்டுக்கு அது 2034-ல். ஆனால் அப்படிப் பதிந்தால் கண்காட்சி, ஊர்வலம் போன்றவற்றுக்குத்தான் எடுக்கலாம், சந்தைக்கு எடுத்துப் போக முடியாது. அதனால் எங்களுக்கு அதில் ஆசையில்லை.

இப்போது வரும் எத்தனால் கலந்த பெட்ரோல் ஒத்துக்கொள்கிறதா?

கவனித்துக்கொண்டால் சமாளிக்கலாம். இப்போது பெட்ரோல் பங்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. அது பழைய ரப்பரை ஊற வைத்து மென்மையாக்கிவிடும். டேங்கின் அடியில் பல வருடமாகப் படிந்த அழுக்கையும் கிளப்பிக்கொண்டு வரும். காற்றிலிருக்கும் ஈரத்தையும் உறிஞ்சும். நிறுத்தியே வைத்த வண்டியில் தண்ணீர் பிரிந்து அடியில் தங்க இதுதான் காரணம்.

அதனால் பெட்ரோல் ஹோஸ் முழுவதையும், ஃபியட்டின் பெட்ரோல் பம்புக்குள் இருக்கும் டயாப்ரம் என்ற ரப்பர் தகட்டையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றினோம். ஃபில்டரை முதல் சில மாதம் அடிக்கடி மாற்றினோம். மைலேஜ் கொஞ்சம் குறைந்தது உண்மை. பெட்ரோல் வாடை வந்தால் அன்றைக்கே ஹோஸைப் பாருங்கள். நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.

செலவு?

இரண்டுக்கும் மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் மட்டும். 2022 ஜூன் முதல் 1000 சிசி வரை 2,094 ரூபாய், 1000 முதல் 1500 சிசி வரை 3,416 ரூபாய், அதோடு வரியும் ஓட்டுநர் விபத்துக் காப்பும். மற்றபடி ஆயில் வருடத்துக்கு ஒரு முறை. டயரை பட்டன் தேய்ந்ததை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். குறைவாக ஓடும் வண்டியில் டயர் தேய்வதற்கு முன்பே வயதாகி வெடித்துவிடும். ஆறு வருடத்தில் நாங்கள் மாற்றிவிடுகிறோம்.

மெக்கானிக், ஸ்பேர் கிடைக்கிறதா?

மாருதிக்கு எங்கும் கிடைக்கும். ஃபியட்டுக்கு வேலூரில் ஒரு பாய் இருக்கிறார். காதை வைத்தே டேப்பெட் (வால்வைத் திறக்கும் பாகம்) சத்தம் எந்த சிலிண்டரில் என்று சொல்வார். அவரிடம் வருவதற்கு முன் ஒரு பட்டறையில் நல்ல கார்புரேட்டரைக் கழற்றிக்கொண்டு பழையதை மாட்டி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து பார்த்ததும் என் வீட்டுக்காரர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அதிலிருந்து, கழற்றும் பாகத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டுதான் வண்டியை விடுகிறோம். எல்லோருக்கும் அதைச் சொல்வேன்.

கிடைக்காத பாகத்துக்கு சென்னை புதுப்பேட்டை. காட்பாடியில் காலை ரயில் ஏறினால் மாலைக்குள் திரும்பலாம். பழைய பாகத்தைத் துணியில் சுற்றிக் கையோடு கொண்டு போய் அளவு ஒப்பிட்டு வாங்குவது நல்லது. அந்த நாள் எங்களுக்கு ஒரு சின்ன யாத்திரை.

எலித் தொல்லைக்கு என்ன செய்கிறீர்கள்?

குடியாத்தத்திலிருந்து வாங்கி வந்த புகையிலையைத் துணியில் முடிந்து பானட்டுக்குள் கட்டுவோம், வாடை குறைந்ததும் மாற்றுவோம். ஆனால் அதைவிடப் பலன் தந்தது தினமும் பானட்டைத் திறப்பதுதான். ஆள் நடமாட்டம் இருக்கும் இடத்தில் எலி கூடு கட்டாது. வண்டிக்குள் முறுக்கு, கடலை சாப்பிடத் தடை, பேரப் பிள்ளைகளுக்கும்.

ஃபியட்டில் மலை ஏறலாமா?

ஏலகிரிக்கு இரண்டு முறை போயிருக்கிறோம். 14 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் ஒரு புலவர் அல்லது வள்ளல் பெயர். நான் பெயர்ப் பலகையைச் சத்தமாகப் படிக்க அவர் ஓட்டினார். ஏறுவது பெரிதில்லை, இரண்டாம் கியரில் அவசரப்படுத்தாமல் விட்டால் ஏறும். இறங்குவதில்தான் கவனம் வேண்டும். நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். தொடர்ந்து மிதித்தால் சூடேறிப் பிடிக்காது. எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்கி, இன்ஜினையே பிரேக்காக விட வேண்டும். நியூட்ரலில் விடவே கூடாது.

பாதுகாப்பு?

இரண்டிலும் ஏர்பேக் இல்லை. ஃபியட்டில் பெல்ட்டே இல்லாமல்தான் வந்தது, நாங்கள்தான் போட வைத்தோம். அதனால் ராத்திரியில் நெடுஞ்சாலை கிடையாது, மழையில் கிடையாது, 60 கி.மீ. வேகத்துக்கு மேல் கிடையாது. பேரப் பிள்ளைகளோடு சென்னை போவதானால் மகள் தன் புது வண்டியில் அழைத்துப் போவாள். இதில் எங்களுக்குப் பிடிவாதம் இல்லை.

இந்த வயதில் ஓட்டலாமா?

கண், காது, முட்டி மூன்றும் சரியாக இருந்தால் ஓட்டலாம். 55 வயதுக்கு மேல் லைசென்ஸை ஐந்து வருடத்துக்குத்தான் புதுப்பித்துத் தருகிறார்கள், டாக்டர் சான்றிதழோடு. அவருக்குக் கண்புரை அறுவை நடந்த பிறகு இருட்டில் எதிர்வண்டி வெளிச்சம் கூசுகிறது என்று தானாகவே மாலை ஆறுக்கு மேல் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டார். ஒருத்தர் ஓட்டுவதை இன்னொருத்தர் பார்த்துச் சொல்ல வேண்டும், சொன்னால் கேட்க வேண்டும் என்று பேசி வைத்திருக்கிறோம். போன வருடம் ரிவர்ஸில் கேட்டை உரசியபோது அவர் சொன்னார். அன்று மாலையே கண்ணாடி பவர் மாற்றப் போனேன்.

ஃபியட்டை விற்பீர்களா? நல்ல விலை தருகிறேன்.

இல்லை. ஆனால் ஒரு நாள் நாங்கள் இருவரும் ஓட்ட முடியாமல் போனால், விலையைவிட, வாராவாரம் ஓட்டுகிற ஆளாகப் பார்த்துக் கொடுப்போம். காந்தி நகர் வழியாக ஞாயிற்றுக்கிழமை போக வேண்டும் என்ற கண்டிஷனும் உண்டு.

வந்து பார்க்கலாமா?

தாராளமாக. காலை ஆறரைக்கு வந்தால் பானட் திறந்திருக்கும், காபியும் இருக்கும். ஆயுத பூஜை அன்று வந்தால் இன்னும் நல்லது. இரண்டுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி ஒரு சுற்று போவோம், உங்களையும் ஏற்றிக்கொள்வோம். பிள்ளைகள் ஸ்டியரிங் பிடித்து உட்காரலாம், ஹாரன் அடிக்கலாம். ஃபியட் கதவை மட்டும் ஓங்கிச் சாத்த வேண்டாம், மெதுவாகத் தள்ளினாலே பூட்டிக்கொள்ளும்.